கிராமச் சங்கமும் தானியக் கிடங்கும்

விளைந்த பொருளை வைத்துக்கொள்ள இடமில்லாதவன் அப்பொருளுக்கு விலை சொல்லும் உரிமையையும் இழந்துவிடுகிறான். தை மாதத்தில் களத்தில் நெல் குவிந்திருக்கும்போது வியாபாரி சொல்லும் விலை ஒன்று. அதே நெல் ஆடியில் கடைத்தெருவில் விற்கும் விலை வேறொன்று. இந்த வித்தியாசத்தைக் குடியானவன் அறியாதவனல்லன். கடன்காரன் வாசலில் நிற்பதும், மூட்டைகளை அடுக்க வீட்டில் இடமில்லாததும் ஆகிய இரு காரணங்களால் அவன் களத்திலேயே விற்றுத் தீர்க்கிறான். முதற் காரணத்தை நீக்கவே நம் நாட்டில் ஐக்கிய நாணய சங்கங்கள் ஏற்பட்டன. 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்ச் சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் முதற் சங்கம் தோன்றியது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்பு, ரிசர்வ் வங்கி 1951-இல் நியமித்த கிராமக் கடன் விசாரணைக் கமிட்டியார் 1954-இல் அறிக்கை வெளியிட்டபோது, விவசாயிகள் வாங்கிய கடனில் சங்கங்கள் மூலம் கிடைத்தது நூற்றுக்கு 3 பங்கே என்றும், லேவாதேவிக்காரர்கள் மூலம் வந்தது நூற்றுக்கு 70 பங்கு அளவினதென்றும் கண்டார்கள். கடனையும், விற்பனையையும், சரக்கைச் சேமித்து வைப்பதையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதனால் பயனில்லை என்பது அக்கமிட்டியாரின் முடிவு. அம்முடிவின் பயனாகவே 1956-இல் பண்டகசாலைச் சட்டமும், 1957-இல் மத்தியப் பண்டகசாலைக் கார்ப்பொரேஷனும், 1958-இல் தமிழ்நாட்டுக்குரிய பண்டகசாலைக் கார்ப்பொரேஷனும் உண்டாயின.

பெரிய ஊர்களில் எழுந்த அந்தப் பண்டகசாலைகளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கிராமச் சங்கம் தன் அங்கத்தினர்களுக்காகக் கட்டிக்கொள்ளக்கூடிய, நூறு டன் கொள்ளும் சிறு கிடங்கைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம். அத்தகைய கிடங்கு நன்றாக நடக்கும் ஊர்களும் உண்டு. கட்டி முடித்து இரண்டு வருஷத்தில் கோணிச் சாக்கும் எலிப் புழுக்கையும் மட்டுமே மிஞ்சிய ஊர்களும் உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பணத்தினால் ஏற்பட்டதன்று. தானியத்தின் தன்மையை அறிந்து நடந்ததும் அறியாமல் நடந்ததுமே காரணம்.

பழைய சேமிப்பு முறைகள்

கிடங்கு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. அகழிக்கும் பள்ளத்துக்கும் பழந்தமிழில் வழங்கிய அச்சொல், கப்பல் வியாபாரிகளின் வாயில் புகுந்து மலாய் நாடு வரை சென்று, வெள்ளையர் கையில் ‘கோடவுன்’ ஆகித் திரும்பி வந்தது என்று அகராதிக்காரர்களிற் பலர் கருதுகின்றனர். பள்ளத்திலே தானியம் சேர்ப்பதும் நம் நாட்டில் பழைய வழக்கமே. கோயம்புத்தூர், சேலம் ஜில்லாக்களின் மேட்டு நிலங்களில் சோளத்தைக் குழியில் இட்டு, வைக்கோல் பரப்பி, மேலே மண் மூடி வைப்பார்கள். தஞ்சை ஜில்லாவில் மரப் பலகைகளாலான பத்தாயமும், வைக்கோற் பிரியைச் சுற்றிச் சுற்றி நெல்லை உள்ளே கொட்டி எழுப்பும் சேரும், தெற்கே மண்ணாற் செய்த குலுக்கையும், விதை நெல்லுக்கு வைக்கோலால் இறுகக் கட்டிய கோட்டையும், மூங்கிலால் முடைந்து சாணமிட்டு மெழுகிய தொம்பையும் வழங்கிவந்தன. துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பதும், பயறுக்கு ஆமணக்கெண்ணெய் தடவி வைப்பதும், வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டு வைப்பதும் நம் வீட்டுப் பெண்மக்களின் கைமுறைகள். மண்ணும் எண்ணெயும் பயறின் மேல் ஒரு பூச்சாக நின்று பயற்று வண்டு முட்டையிடுவதைத் தடுக்கின்றன என்று இன்றைய விஞ்ஞானிகள் கூறுகின்றனர்.

கோயில்களிலும் பெருங் களஞ்சியங்கள் இருந்தன. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், தஞ்சை நாயக்கர் காலத்தில், 1600-க்கும் 1634-க்கும் இடையில் செங்கல்லாற் கட்டிய வட்டமான நெற்களஞ்சியம் ஒன்று உண்டு. 3,000 கலம் நெல் கொள்வதாகச் சொல்லப்படும் அது கூம்பிய முடியுடன் இன்றும் நிற்கிறது. வட்டச் சுவருக்கு மூலை கிடையாது. ஆகவே நெல்லின் பாரம் ஓரிடத்தில் குவியாமல் சுற்றிலும் சமமாகத் தாக்கும். மழைநீர் கூம்பில் நில்லாது. கட்டிய கொத்தனார்கள் காரணமறிந்தே கட்டியிருக்கிறார்கள்.

இதற்கு எதிரான ஓர் உதாரணமும் பார்க்கத் தக்கது. 1770-ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்திற்குப் பின்பு, இனிப் பஞ்சமே வராதபடி தானியம் சேர்ப்பதென்று கம்பெனியார் தீர்மானித்து, பாட்னாவில் கார்ஸ்டின் என்னும் எஞ்சினீயரைக் கொண்டு 1786-இல் கோல்கர் என்ற பிரமாண்டமான களஞ்சியத்தைக் கட்டினார்கள். 29 மீட்டர் உயரமுள்ள அக்கட்டடம் ஒருபோதும் நிரம்பியதில்லை. உட்புறமாகத் திறக்கும் கதவுகளை வைத்துவிட்டதால் நிரப்பியபின் திறக்க முடியாது என்று ஜனங்கள் பரிகசிப்பதும் உண்டு. கதவு எப்படியாயினும், தானியம் எங்கிருந்து வரும், யார் கணக்கில் இருக்கும், எப்போது வெளியே போகும் என்பவற்றை யோசியாமல் எழுப்பிய கட்டடம் அது. இக்காலத்திலும் சிறிய அளவில் இத்தகைய கோல்கர்கள் சில கிராமங்களில் இல்லாமற் போகவில்லை.

தானியம் மூச்சு விடுகிறது

மூட்டையில் கட்டி வைத்த நெல் உயிரற்ற பொருளென்று எண்ணலாகாது. விதைத்தால் முளைப்பது எதுவோ அது உயிருள்ளது. அது பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. அதனோடு சிறிது உஷ்ணமும் சிறிது நீரும் உண்டாகின்றன. நன்கு காய்ந்த நெல்லில் இந்த மூச்சு மிக மெதுவாக நடப்பதால் கெடுதியில்லை. ஈர நெல்லில் அது வேகமாகிறது. வேகமானால் சூடு உண்டாகிறது. சூட்டோடு நீரும் சேர்கிறது. அந்நீரால் மூச்சு இன்னும் வேகமாகிறது. குவியலின் நடுவில் கையை விட்டால் சுடுகிறதே, அது இந்தக் காரணத்தால்தான். பூஞ்சணம் பற்றுவதும், நெல் பழுத்து அரிசி மஞ்சளாவதும், கட்டியாவதும் இதன் பின்விளைவுகள்.

ஆகையால் கிடங்கைப் பற்றிய முதற் கேள்வி சுவரைப் பற்றியதன்று. உள்ளே வரும் சரக்கின் ஈரத்தைப் பற்றியது. சில மாதங்கள் வைக்க வேண்டிய நெல்லில் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படக் கூடாது. அடுத்த அறுவடை வரை வைப்பதானால் 13 பங்குக்குள் இருப்பது நலம். சோளத்திற்கு 12, பயறு வகைகளுக்கு 10, தோலோடுள்ள நிலக்கடலைக்கு 8 அல்லது 9, உடைத்த பருப்புக்கு 7 என்று வைத்துக்கொள்ளலாம். அரசாங்க நெல் கொள்முதலில் சாதாரணமாக 17 பங்கு ஈரம் வரை ஏற்றுக்கொள்கிறார்களே என்று சிலர் கேட்பர். அது வாங்குவதற்குரிய வரம்பு. அப்படியே வைத்துக் காப்பதற்குரிய வரம்பு அன்று.

ஈரம் அளக்கும் கருவி ஒன்றை ஒவ்வொரு சங்கமும் வாங்கிவிட வேண்டும். கருவி கெட்டிருக்கும் நாளில் ஓர் எளிய பரீட்சை உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நெல்லை இட்டு, வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்புத்தூளை ஒரு கரண்டி சேர்த்து, மூடி, ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்கவும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால், உப்பு புட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருக்குமானால் ஈரம் 15 பங்குக்கு மேல் இருக்கிறது. ஒட்டாமல் அடியில் விழுந்தால் அதற்குக் குறைவு. பல்லால் கடித்துப் பார்ப்பதில் அனுபவமுள்ள கிழவர்களின் பல் தவறுவதில்லை. ஆனால் அவர் சொல்லை மறுக்கும் அங்கத்தினரோடு வழக்காட முடியாது. புட்டியைக் காட்டினால் வழக்கு தீர்ந்துவிடும்.

நிலக்கடலையில் இது உயிரைப் பற்றிய விஷயமாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றுக்குத் தீனியாகப் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு இருந்ததென்று பின்பு கண்டறிந்து, அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டார்கள். அது ஈரலைக் கெடுப்பது. நெடுநாள் உட்கொண்டால் ஈரலில் புற்றுநோய் உண்டாக்குவது. சமைத்தாலும் வறுத்தாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. செடியில் தொடங்கும் இந்தப் பூஞ்சணம், சரியாகக் காயாத கடலையை மூட்டை கட்டும்போது பெருகுகிறது. எடை நிற்கட்டும் என்று கடலை மூட்டையின் மேல் தண்ணீர் தெளிக்கும் துர்வழக்கம் சில சந்தைகளில் இருந்ததுண்டு. சங்கத்தின் கிடங்கில் அப்படிப்பட்ட ஒரு மூட்டை நுழைந்தால் அது அடுத்திருக்கும் அயலாரின் மூட்டைகளையும் கெடுக்கும். அதை வாசலிலேயே திருப்பி அனுப்ப நிர்வாகிகள் தாக்ஷிண்யம் பார்க்கலாகாது. கொண்டுவந்தவர் பிரசிடெண்டின் மைத்துனராக இருந்தாலும் சரியே.

எடை குறைந்தால் யார் குற்றம்?

கிராமச் சங்கக் கிடங்குகள் பலவற்றில் மனஸ்தாபம் உண்டாவது இந்த இடத்தில்தான். ஒருவர் 40 கிலோ வீதம் நூறு மூட்டை நெல் வைக்கிறார். நான்கு மாதம் கழித்து எடுக்கும்போது மூட்டைக்கு 38 கிலோவே நிற்கிறது. காரியதரிசி திருடிவிட்டார் என்று பேச்சு எழுகிறது. காரியதரிசியோ எலியின் மேல் பழி போடுகிறார். இருவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

நாம் பார்ப்போம். வைக்கும்போது ஈரம் 17 பங்கு என்றால், 40 கிலோவில் ஈரம் 6.8 கிலோ, உலர்ந்த பொருள் 33.2 கிலோ. எடுக்கும்போது ஈரம் 13 பங்காகக் குறைந்திருந்தால், அந்த 33.2 கிலோ உலர்ந்த பொருள் மொத்த எடையில் 87 பங்காகும். 33.2-ஐ 87-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 38.16 கிலோ வருகிறது. அதாவது ஒரு நெல்மணியும் காணாமற் போகாமலே மூட்டைக்கு 1.84 கிலோ குறைந்துவிட்டது. நூறு மூட்டைக்கு 184 கிலோ. இந்தக் கணக்கை அறியாததனால் யோக்கியமான காரியதரிசிகள் பழி சுமந்து வேலையை விட்டுப் போனதும் உண்டு. அறிந்த அயோக்கியர் வேறு திருட்டை ‘காய்ச்சல் குறைவு’ என்ற பெயரில் மறைத்ததும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வரும் நாளில் எடையையும் ஈரத்தையும் ரசீதில் ஒருங்கே எழுத வேண்டும். போகும் நாளிலும் அங்ஙனமே செய்ய வேண்டும். ஈரத்தினாலான குறைவு போக மிச்சக் குறைவு எவ்வளவு என்பது அப்போது தானாகவே வெளிப்படும். ஐப்பசி கார்த்திகை மழையில் உலர்ந்த நெல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிச் சற்று எடை கூடுவதும் இயற்கை. அந்தக் கூடுதலும் கணக்கில் வர வேண்டியதே. அது காரியதரிசியின் வரும்படி ஆகாது.

கட்டடம்

மனையைத் தேர்ந்தெடுக்கும்போது, புறம்போக்கில் சும்மா கிடைக்கிறதென்று ஏரிக்கரையடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடங்கைக் கட்டிவிடுவது பெருந்தவறு. மழைக்காலத்தில் லாரியோ வண்டியோ சேறில் அழுந்தாமல் வந்து நிற்கக்கூடிய மேடான இடமே வேண்டும். வைக்கோற் போருக்கும் குடிசைகளுக்கும் நெருப்புப் பாயாத தூரத்தில் இருக்க வேண்டும். கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய சுவர்களிலேயே படும். உள்ளே உஷ்ணம் குறையும்.

தளத்தின் உயரத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தரையிலிருந்து இரண்டரை அடி முதல் மூன்றடி வரை உயர்த்தி, விளிம்பில் சுற்றிலும் வெளியே நீட்டிய வரம்பு ஒன்று விட்டால், எலி சுவரைப் பற்றி ஏற முடியாது. இவ்வளவு செய்துவிட்டுக் கல்லாலும் சிமெண்டாலும் நிலையான படிக்கட்டு ஒன்றைக் கதவருகே கட்டிக்கொடுப்பது எலிக்கு விருந்து அழைப்பு வைப்பதற்குச் சமம். மரப்படியோ இரும்புப்படியோ செய்து, சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். கதவின் கீழ்ப்பக்கத்துக்குத் தகடு அடிக்க வேண்டும். பெருச்சாளி புகும் வழியை அடைத்துவிட்டுச் சுண்டெலியை மறந்துவிடுகிறார்கள். கால் அங்குலச் சந்து அதற்குப் போதும். மேலே உள்ள சாளரங்களுக்கு நெருக்கமான கம்பிவலை இல்லாவிட்டால் குருவிகளும் வந்துசேரும்.

தளத்தின் அடியிலிருந்து ஈரம் ஏறுவதைத் தடுக்கத் தாரோ தார்த்தாளோ இட்ட ஒரு படலம் அவசியம். அது மேலே தெரியாத வேலையாதலால் காண்டிராக்டர்கள் முதலில் குறைப்பது அதைத்தான். நிர்வாக சபையார் இருவராவது அந்த நாளில் நேரில் நின்று பார்க்க வேண்டும். சுவரின் உட்புறம் வெடிப்பில்லாமல் பூசி, மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக உருட்டிவிட்டால், தூசும் வண்டும் ஒளியும் இடம் குறையும். வருஷத்திற்கொரு முறை சுண்ணாம்படிப்பது போதும். கூரை ஓடானாலும் தகடானாலும், சுவருக்கு வெளியே நன்றாக நீட்டிச் சாரல் படாமல் இறக்க வேண்டும்.

சாளரங்களை எப்போது திறப்பது என்பதில் பலர் தவறான அபிப்பிராயம் கொண்டிருக்கிறார்கள். காற்றோட்டம் எப்போதும் நல்லதென்பது மனிதர் வசிக்கும் வீட்டிற்குப் பொருந்தும். கிடங்கிலோ வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நாளில் மட்டுமே திறக்க வேண்டும். மழை பெய்யும்போதும், பனி இறங்கிய விடியற்காலையிலும் திறந்தால், வெளியிலுள்ள ஈரத்தை வலிய அழைத்து உள்ளே விடுகிறோம்.

மூட்டைகளை வெறுந் தளத்தில் அடுக்கலாகாது. மரச்சட்டங்களோ, மூங்கிற் பாயும் அதனடியில் பிளாஸ்டிக் விரிப்புமோ இட வேண்டும். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே இரண்டடி வழி விட வேண்டும். இந்த இரண்டடி வீண் இடமென்று தோன்றும். உள்ளளவு 40 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள ஓர் அறையில் நான்கு பக்கமும் இரண்டடி விட்டு, நடுவே குறுக்காக நாலடி வழியும் விட்டால், 1,000 சதுர அடியில் 672 சதுர அடியே அடுக்குகளுக்கு மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறதே என்று வருந்தும் நிர்வாகிகள் சுவரோடு ஒட்டி அடுக்கிவிடுகிறார்கள். பிறகு சுவரோரத்தில் என்ன நடக்கிறதென்று பார்க்க ஆள் நுழைய முடியாது; மருந்தடிக்க முடியாது; எலி குடும்பத்தோடு வாழ்ந்தாலும் தெரியாது. வழியில்லாத கிடங்கில் அடிமூட்டை எடுக்கவே படுவதில்லை. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற விதி அங்கே செல்லாது. ஒவ்வோர் அடுக்கிலும் ஓர் அட்டை தொங்கவிட்டு, சரக்கு, சொந்தக்காரர், வந்த தேதி, எடை, ஈரம், கடைசியாகப் பரிசோதித்த தேதி இவற்றை எழுதி வைக்க வேண்டும்.

பூச்சிகளைப் பற்றி

கூன்வண்டும் அந்துப்பூச்சியும் கிடங்கிலேயே பிறக்கின்றன என்று நினைக்க வேண்டாம். அந்துப்பூச்சியும் பயற்று வண்டும் வயலிலேயே முட்டையிட்டுவிடும். மற்றவை பழைய சாக்கிலும், தளத்தின் வெடிப்பில் கிடக்கும் சிந்தல் தானியத்திலும் காத்திருக்கும். ஆகவே புதிய சரக்கு வருமுன் பழைய சிந்தலைப் பெருக்கி எரிப்பதும், சாக்குகளை உதறி நல்ல வெயிலில் காயப்போடுவதும், மருந்து வாங்குவதைவிடப் பயனுள்ளவை. ஈரம் 9 பங்குக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலான வண்டுகள் பெருக முடிவதில்லை; விதைக்குக் கூடுதலாகக் காயவைப்பதன் ரகசியம் இதுதான்.

மருந்து விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஒரு காலத்தில் வாரி இறைக்கப்பட்ட பி.எச்.சி. என்னும் பொடி இந்தியாவில் 1997-இல் தடுக்கப்பட்டது. வீடுகளில் தானியத்திற்கிட்ட ஈ.டி.பி. குப்பிகளும் 2001-இல் தடைப்பட்டன. இப்போது கிடங்குகளில் வழங்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் கொடிய விஷவாயுவை வெளிவிடுவது. பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் மட்டுமே அதைக் கையாள வேண்டும். அதை அங்கத்தினர் கையில் கொடுத்தனுப்புவதும், ஆள் படுத்துறங்கும் வீட்டை ஒட்டிய அறையில் இடுவதும் கொலைக்கொப்பான செயல்கள்.

பழைய சோளக்குழியைப் பற்றியும் இங்கே ஒன்று கூறவேண்டும். குழியில் பூச்சி பிழைக்காததற்குக் காரணம், தானியமும் பூச்சியும் விடும் மூச்சினால் உள்ளே பிராணவாயு அற்றுப்போவதே. காற்றுப் புகாத புதுவகைப் பைகள் இப்போது கடைகளில் வந்திருக்கின்றனவே, அவையும் இதே தத்துவத்தில் செய்யப்பட்டவை. ஆனால் பூச்சியைக் கொல்லும் காற்று மனிதனையும் கொல்லும். திறந்தவுடன் குழியில் இறங்கியவன் மயங்கி வீழ்வதும், அவனைத் தூக்க இறங்கியவனும் வீழ்வதும் கிராமங்களில் நேர்வன. விளக்கை இறக்கிப் பார்த்து அணையவில்லையென்று இறங்குவதும் முழு நிச்சயமன்று. குழியை நெடுநேரம் திறந்துவைத்துக் காற்றாட விட வேண்டும். அதன்பின்பும் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்கவே இறங்க வேண்டும். குழிக்கு வெள்ளமும் பகை. மகாராஷ்டிரத்தில் சாங்கிலிப் பக்கத்தில் மஞ்சளைக் குழியில் சேமித்துவந்தார்கள். 2005-ஆம் வருஷத்து வெள்ளத்தில் அக்குழிகளிற் பெரும்பாலானவை அழிந்தன.

தானியத்தோடு சேர்க்கத் தகாதவை

கிடங்கில் இடம் காலியாக இருந்தால் உர மூட்டைகளை இறக்கிவைப்பது சங்கங்களில் சகஜமாகிவிட்டது. யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்தது தளத்தில் ஊறும். அத்தளத்தில் பிறகு வைக்கும் தானியமும் கெடும். பூச்சிமருந்து டப்பாக்களைத் தானிய அறையில் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உரத்துக்குத் தனியறை, தனிக் கதவு இருக்க வேண்டும். அதைக் கட்டப் பணமில்லையானால் உர வியாபாரத்தைச் சில காலம் ஒத்திவைப்பதே மேல்.

தீயைப் பற்றிய அலக்ஷியத்திற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1944-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்றிய கப்பலொன்று தீப்பற்றி வெடித்தது. கரையிலிருந்த பண்டகசாலைகளும் அவற்றிலிருந்த ஏராளமான தானியமும் அழிந்தன. 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 4-ஆம் தேதி லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில், வருஷக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அருகிலிருந்த பெரிய தானியக் கோபுரங்களும் சிதைந்தன. நம் கிராமத்தில் அவ்வளவு சரக்கில்லை என்பது உண்மையே. ஆயினும் பருத்திப் பொதி அடுக்கிய அறையில் பீடி பிடிப்பதும், அறுந்த மின்சாரக் கம்பியைத் துணியால் சுற்றிவைப்பதும் நம்மிடம் உள்ள பழக்கங்கள்தாமே!

ரசீதும் கடனும்

கிடங்கில் சரக்கு வைத்தவனுக்குக் கையில் பணம் வராவிட்டால், அவன் மறுநாளே வியாபாரியிடம் போய்விடுவான். ஆகவே ரசீதின் பேரில் ஈட்டுக்கடன் கொடுப்பது கிடங்கின் உயிர்நாடி. சரக்கின் அன்றைய மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்படாமல் கொடுப்பது நடைமுறை. மிச்சக் கால்பங்கு விலையிறக்கத்திற்கு ஈடு. 2007-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்துகொண்ட பண்டகசாலைகளின் ரசீதுகளைப் பிறர் பேருக்கு மாற்றவும் வங்கிகளில் ஈடு வைக்கவும் இயலும். 2017 முதல் அவை காகிதமில்லாமல் மின்னணு முறையிலும் வழங்கிவருகின்றன. சிறு சங்கங்களும் இப்பதிவைப் பெற முயல்வது நலம். கூட்டுறவுத் துறையில் தானியக் கிடங்குகளைப் பெருக்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசாங்கம் 2023-இல் ஏற்றுக்கொண்டு, 2024-இல் 11 ராஜ்யங்களில் 11 சங்கங்களில் பரீட்சையாகத் தொடங்கியது.

ஆனால் சேமித்து வைப்பதெல்லாம் லாபம் என்று அங்கத்தினர்களுக்கு ஆசை காட்டலாகாது. உதாரணத்திற்காக ஒரு கணக்குப் போடுவோம். இதிலுள்ள தொகைகள் எந்த ஊரின் விலையும் அல்ல. 17 பங்கு ஈரமுள்ள 100 குவிண்டால் சரக்கு, குவிண்டால் 2,000 ரூபாய் விலையில் 2,00,000 ரூபாய் பெறும். அதன்மேல் 1,50,000 ரூபாய் கடன் வாங்கினால், நூற்றுக்கு 12 வட்டியில் நாலு மாதத்திற்கு 6,000 ரூபாய். வாடகையும் கூலியும் 2,000 ரூபாய். ஆக 2,08,000 ரூபாய் அடக்கம். சரக்கோ காய்ந்து 95.4 குவிண்டால் ஆகிவிட்டது. ஆகவே குவிண்டால் 2,180 ரூபாய்க்கு விற்றால்தான் கைம்முதல் தேறும். பூச்சியும் எலியும் நூற்றுக்கு 2 பங்கு தின்றிருந்தால் 2,225 ரூபாய் வேண்டும். காய்ந்த சரக்குக்கு ஈரச்சரக்கைவிட விலை கூடுதலாகக் கிடைப்பதும் உண்டென்றாலும், விலை இவ்வளவு ஏறுமா என்று ஒவ்வொரு பருவத்திலும் யோசித்தே வைக்க வேண்டும். அரசாங்கமே ஆதார விலைக்கு வாங்கிக்கொள்ளும் நெல்லை அநேகமாக உடனே விற்றுவிடுவதே உசிதம் என்பது நமது அபிப்பிராயம். கிடங்கினால் மிகுந்த பயன் பெறக்கூடியவை பயறு வகைகள், நிலக்கடலை, பருத்தி, மஞ்சள் ஆகியவை. டெல்டாவில் குறுவை நெல்லுக்கு வேண்டியது கிடங்கைவிட முதலில் களமும் உலர்த்தும் யந்திரமும். மழையில் களத்திலேயே முளைத்துவிட்ட நெல்லை எந்தக் கிடங்கும் காப்பாற்றாது.

பூட்டுக்குச் சாவி இரண்டு இருக்க வேண்டும்; ஒரு சாவியால் மட்டும் திறவாத பூட்டாக இருப்பது நல்லது. ஒன்று காரியதரிசியிடமும், மற்றொன்று மாதாமாதம் மாறும் ஒரு நிர்வாக சபை அங்கத்தினரிடமும் இருக்கட்டும். தீ, வெள்ளம், திருட்டு இவற்றுக்கு இன்ஷ்யூரன்ஸ் செய்யும்போது கட்டடத்துக்கு மட்டும் செய்துவிட்டு உள்ளிருக்கும் சரக்கை விட்டுவிடும் சங்கங்கள் உண்டு. பாலிஸியை ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொள்ளவும். பதினைந்து நாளுக்கொருமுறை இரு சாவிக்காரர்களும் சேர்ந்து திறந்து, ஒவ்வோர் அடுக்கிலும் நடுமூட்டையொன்றில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, கையால் தொட்டு, மோந்து, அட்டையில் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். சூடு தெரிந்த மூட்டையை அன்றே இறக்கி, சொந்தக்காரருக்குச் சொல்லியனுப்பி, வெயிலில் கொட்ட வேண்டும்.